எட்டு மாதப் பூ

அன்புள்ள ஐயா,

தை மாதம் மதுரையில் ஒரு நர்சரியில் எலுமிச்சம்பழ அளவில் கள்ளிச்செடி வாங்கினேன். உச்சியில் மஞ்சள் பூ. எட்டு மாதமாகியும் அந்தப் பூ வாடவில்லை. புது மொட்டும் வரவில்லை. படுக்கையறை அலமாரியில் வைத்து, தினமும் இரண்டு கரண்டி கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன். வீட்டுக்குள் முள்செடி ஆகாது என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, தங்கச்சிமடம்

அன்புள்ள சகோதரி,

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அந்தப் பூவைத் தொட்டுப் பாருங்கள், காகிதம்போலச் சரசரக்கும். அடியில் கண்ணாடிபோல உறைந்த பசையில் இரண்டு மூன்று முட்கள் சிக்கியிருக்கும். காய்ந்த பூவைச் சூடான பசையால் ஒட்டி விற்கிறார்கள். நானும் ஏமாந்தவன்தான். ஆத்திரத்தில் பிய்த்தேன், செடியின் தலையும் சேர்ந்து கிழிந்தது. நீங்கள் பூவை மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

உருண்டைக் கள்ளிகளில் பரவலாக விற்பனைக்கு வரும் ஒன்று மாமில்லேரியா. அதன் நிஜப் பூக்கள் பொடிப்பொடியாக உச்சியைச் சுற்றி வளையம் கட்டும். ஒவ்வொன்றும் சில நாள்தான் நிற்கும். அதற்கு வெயில் வேண்டும். கிழக்கு ஜன்னலுக்கு மாற்றுங்கள், ஆனால் ஒரேயடியாக வெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும்.

தினமும் இரண்டு கரண்டி என்பது வேரை அழுகவைக்கும் வழி. மண் முழுக்கக் காய்ந்தபின் தொட்டியின் அடித்துளை வழியே வடியுமளவு ஊற்றிவிட்டு மறந்துவிடுங்கள். கடற்கரை மணலைத் தொட்டியில் போடாதீர்கள், உப்பு. ஆற்றுமணல், செங்கல்தூள், சிறிது மக்கிய உரம், கரித்துண்டு போதும். கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? கரி சுடும் அந்தச் சீமைக்கருவேலமும் கள்ளியைப்போல அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். வேலியோரச் சப்பாத்திக்கள்ளி இதற்கு உறவுக்காரன் என்று மட்டும் சொல்லுங்கள். பால் வடியும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம். அந்தச் சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் நிலமெல்லாம் படர்ந்தபோது, 1926இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் ஒடுக்கினார்கள். வெள்ளைப் பஞ்சுபோல அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. உங்கள் செடியில் அப்படிப் பஞ்சு தெரிந்தால் பெரும்பாலும் மாவுப்பூச்சியாக இருக்கும்; பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை தண்ணீரை அநேகமாக நிறுத்திவிடுங்கள். அந்த ஓய்வு இருந்தால்தான் மொட்டு வரும். எனக்கு மாசியில் வந்தது. கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாக, மாசிக்கு வேண்டிய மழைத்தண்ணீரை இப்போதே கூரையோரம் குடம் வைத்துப் பிடித்து மூடி வையுங்கள். முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள், ஆடிக்காற்று கூரையில் அப்பிய உப்பெல்லாம் அதில்தான் இறங்கும்.