துணியில் விளையும் கீரை: வாசகர் கேள்விகள்

மண்ணும் இல்லை, தேங்காய் நாரும் இல்லை. வெறும் துணியில் பயிர் எப்படி நிற்கிறது?

வேர் மண்ணிடம் கேட்பது பிடிமானம், சத்துள்ள நீர், காற்று. சத்தை நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டால், மற்றதைத் துணியே பார்த்துக்கொள்ளும். எட் ஹார்வுட் என்ற அமெரிக்கர் சத்துநீரைப் புகைபோலத் தெளித்து வளர்க்கும் முறைக்குத் துணியைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். விறைப்பாக இழுத்துக் கட்டிய துணியின் மேல் விதை முளைக்கும். வேர் இழைகளுக்கு நடுவே நுழைந்து கீழே வெண்ணிறத் தாடிபோலத் தொங்கும், சத்துநீர் அங்கே படும். அறுத்தபின் துணியைத் துவைத்து மறுபடி விதைக்கலாம்.

பழைய சட்டை, ஜீன்ஸ், திரைச்சீலை எல்லாம் வீட்டில் நிறைய இருக்கிறது. பயன்படுத்தலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். எதையும் வீணாக்கக்கூடாது என்ற உங்கள் எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உண்ணும் பயிர் என்பதால் இதில் நான் கறாராக இருக்கிறேன். அந்தத் துணி இதற்கு முன் எதைக் குடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. சாயம், சுருங்காமல் இருக்கப் போட்ட பூச்சு, தண்ணீர் ஒட்டாத பூச்சு, திரைச்சீலையில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த வேதிப்பொருள் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். துர்நாற்றம் வராமல் இருக்க வெள்ளி சேர்த்த விளையாட்டு உடைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

சாயமேறாத வெள்ளைப் பருத்தி என்றால் முயலலாம். முதலில் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே பரவி மறைந்தால் சரி. முத்துப்போல உருண்டு நின்றால் பூச்சோ, பருத்தியின் இயற்கை மெழுகோ இருக்கிறது. துவைத்தபின் மென்மைக்காக ஊற்றும் திரவம்கூட இழையின் மேல் படிந்து நீரைத் தள்ளும். வாஷிங் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, நுரை அடங்கும்வரை அலசுங்கள். அப்புறம் அதில் பத்து முள்ளங்கி விதை, பக்கத்தில் ஈர டிஷ்யூ தாளில் பத்து விதை போடுங்கள். துணியில் மட்டும் வேர் குட்டையாகவோ பழுப்பாகவோ வந்தால் அந்தத் துணி வேண்டாம். நன்றாக முளைத்தாலும் அது வேருக்குத் தொல்லை இல்லை என்பதற்குத்தான் சாட்சி. உண்ண ஏற்றது என்பதற்கு அல்ல. அதனால்தான் சாயத்துணியை இந்தச் சோதனைக்கே கொண்டுவர வேண்டாம் என்கிறேன்.

பருத்தியில் கீரை முதலில் செழிப்பாக வந்தது. மூன்றாவது வாரம் இலை மஞ்சளடிக்கிறது. உரத்தைக் கூட்டலாமா?

கூட்டுவதற்கு முன் துணியின் ஓரத்தைக் கிள்ளிப் பாருங்கள். நூல் பிசுபிசுத்து அறுந்து வந்தால் துணி மட்கத் தொடங்கிவிட்டது. பருத்தி கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள். அதைத் தின்னும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் நைட்ரஜன் வேண்டும், அதை உங்கள் சத்துநீரிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. பயிருக்குப் பங்கு குறைகிறது. கூடவே வேரைச் சுற்றியுள்ள ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கின்றன. உரத்தைக் கூட்டினால் சில நாள் பச்சை திரும்பலாம், அழுகல் நிற்காது. பருத்தியும் சணலும் பத்து, பன்னிரண்டு நாளில் இளசாகவே அறுக்கும் குட்டிக் கீரைகளான மைக்ரோகிரீன்ஸுக்கு அருமையானவை. அறுத்ததும் வேரோடு உரக்குழியில் போட்டுவிடலாம். ஐந்து வாரம் நிற்கும் லெட்யூஸ் கீரைக்கு பாலியஸ்டர் போல எளிதில் மட்காத துணி பாருங்கள். சத்துநீரின் பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5 வரை இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது தவறினாலும் மஞ்சளடிக்கும்.

சுவரில் தொங்கவிட்ட ஃபெல்ட்டில் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) மேல்வரிசை வாடுகிறது, கீழ்வரிசை அழுகுகிறது. ஏன்?

நீர் கீழே இறங்கி ஓரத்தில் தேங்குகிறது. துணியை நனைத்துச் செங்குத்தாகப் பிடித்தால் சொட்டுவது நின்ற பிறகும் கீழ்விளிம்பு கனமாக இருக்கும். இழைகளின் இடுக்கு அந்த நீரை விடாது. அங்கே காற்றுக்கு இடமில்லை, வேர் மூச்சுத்திணறுகிறது. கீழ்விளிம்பில் இரண்டு மூன்று பருத்தித் திரிகளைத் தைத்து நீளமாகத் தொங்கவிடுங்கள், தேங்கிய நீரை அவை இழுத்துவிடும். ஒரே நீளத் துணிக்குப் பதில் குட்டையான பட்டைகளாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாக நீர் விடுவது இன்னும் நல்லது. நீரையும் ஒரேயடியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடுங்கள். பிரெஞ்சுத் தாவரவியலாளர் பாட்ரிக் பிளாங்க் பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் அமைத்த பச்சைச்சுவரும் ஃபெல்ட்டில்தான் நிற்கிறது. ஆனால் அது அழகுச்செடி. கீரையின் மெல்லிய வேர் தேங்கிய நீரை அவ்வளவு தாங்காது.

துணியெல்லாம் பச்சைப் பாசி. மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். ஈரத்துணியில் வெளிச்சம் படுவதுதான் காரணம். உள்ளே கறுப்பும் வெளியே வெள்ளையுமான பிளாஸ்டிக் தாளால் மூடி, செடிக்கு மட்டும் துளை விடுங்கள்.

பாலியஸ்டர் மட்காது, சரி. நுண்ணிழை உதிராதா?

உதிரும். அதிலும் துவைக்கும்போதுதான் அதிகம். துவைத்த நீரை நுண்வடிகட்டி வழியாக விடுங்கள், இழை நைந்ததும் மாற்றிவிடுங்கள். அறுக்கும்போது கத்தி துணியை உரசாமல் ஒரு விரல் உயரம் விட்டு அறுங்கள். மட்க வேண்டும், ஆனால் பருத்திபோலச் சீக்கிரம் வேண்டாம் என்றால் கம்பளி ஃபெல்ட் இருக்கிறது. அதிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். மட்க மட்கப் பயிருக்கும் கொஞ்சம் கிடைக்கும். முதல்முறை நனைய மறுக்கும், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அழுத்திப் பிழியுங்கள்.

கேரட் வருமா?

வராது. கிழங்கு பருக்க ஆழம் வேண்டும். அதற்குப் பதில் பேசில் (திருநீற்றுப்பச்சிலை) போடுங்கள்.