விண்கலத்தின் என்ஜினைப் பூமிக்கு அருகே இயக்கினால் ஏன் ஆற்றல் அதிகம் கிடைக்கிறது?

அதே என்ஜின், அதே அளவு எரிபொருள். நீள்வட்டப் பாதையில் எங்கே எரித்தால் என்ன என்றுதான் தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விஷயமே அதில்தான் இருக்கிறது.

என்ஜின் வேகத்தில் நொடிக்கு 0.1 கி.மீ. கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூமிக்கு மிக அருகே கலம் நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் பாய்கிறது என்றால், ஒரு கிலோ எடைக்குச் சுமார் 10 லட்சம் ஜூல் ஏறும். மிகத் தொலைவான முனையில், 2 கி.மீ. வேகத்தில், சுமார் 2 லட்சம்தான்.

சரி, அந்த உபரி எங்கிருந்து வந்தது? தொட்டியில் இருக்கும் எரிபொருளும் கலத்தோடு சேர்ந்து ஓடுகிறதே, அதற்கும் இயக்க ஆற்றல் உண்டு. வெளியேறும் வாயு கலத்தைவிட நொடிக்கு 3 கி.மீ. பின்தங்கினால், அருகே அதன் வேகம் 10-லிருந்து 7-ஆகக் குறைகிறது. அது இழந்ததைக் கலம் வாங்கிக்கொள்கிறது. தொலைவில் வாயு இழக்கும் ஆற்றல் மிகக் குறைவு. இதற்கு ஓபெர்த் விளைவு என்று பெயர். ராக்கெட் அறிவியலாளர் ஹெர்மன் ஓபெர்த் 1920-களில் விளக்கியது.

2013 நவம்பரில் மங்கள்யான் பூமியைச் சுற்றிச் சுற்றி வந்ததும் இதனால்தான். அதன் என்ஜின் சிறியது, உந்துவிசை 440 நியூட்டன்தான். தேவையான வேகத்தை ஒரே மூச்சில் தர முடியாது. எனவே பல சுற்றுகளில், பூமியை நெருங்கியபோது கொஞ்சம் கொஞ்சமாக எரித்தார்கள்.

அப்புறம், இது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பாதையின் தாழ்வான முனையை உயர்த்தவோ அதன் சாய்வை மாற்றவோ வேண்டுமானால், தொலைவில் எரிப்பதுதான் சிக்கனம்.