விலகிவிடலாமா? – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு தன்னார்வ அமைப்பு மூலம் ஒரு கல்லூரி மாணவனுக்கு வழிகாட்டியாகச் சேர்ந்தேன். திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவன். இப்போது இரண்டாம் ஆண்டு, மூன்று அரியர். ஞாயிறுதோறும் போன் செய்கிறேன். டைம்டேபிள் போட்டுக் கொடுத்தேன், ஆங்கிலம் பேசப் பழக வீடியோக்கள் அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்கிறான். ஒன்றையும் செய்வதில்லை. சமீபமாகப் போனையே எடுப்பதில்லை. என் அப்பா வங்கி மேலாளர். இவன் வளர்ந்த வாழ்க்கை எனக்குத் தெரியாது. அவனைப் போன்ற குடும்பத்திலிருந்து வந்த ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் விலகுவதுதான் நியாயமோ?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விலகாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம்.

அமெரிக்காவில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற அமைப்பு பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளைச் சேர்த்துவைக்கும் வேலையை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகிறது. அதில் சேர்ந்த 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு ஒப்பிட்டு 1995இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆய்வில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் சிறுபான்மை இனத்தவர், பலரும் ஏழைகள். வழிகாட்டி கிடைத்தவர்களில் புதிதாகப் போதைப்பொருள் தொட்டவர்கள் 46 சதவீதம் குறைவாக இருந்தார்கள். பள்ளிக்கு மட்டம் போடுவது பாதியானது. அந்த வழிகாட்டிகள் போதைப்பொருளைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை சந்தித்துச் சில மணி நேரம் கூட இருந்தார்கள். எனக்கு இந்த ஆய்வில் பிடித்த விஷயமே அதுதான்.

அதே பிள்ளைகளைப் பற்றிய தகவல்களை ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் மறுபடி அலசி 2002இல் எழுதினார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்த இடங்களில், பிள்ளைகளுக்குத் தங்கள் மீதிருந்த மதிப்பு முன்பைவிடக் குறைந்துபோயிருந்தது. உங்கள் பையன் அவர்களைவிடப் பெரியவன், ஊரும் வேறு. ஆனாலும் பாதியில் போய்விடும் பெரியவர்களை அவன் ஏற்கெனவே பார்த்திருப்பான். சூளைக்குச் சூளை மாறும் குடும்பத்தில் ஆசிரியர், நண்பர் எல்லாருமே ஒரு பருவத்துக்கு வந்து போகிறவர்கள். நீங்கள் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று பார்க்கிறானோ என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, "சரி சார்" விஷயத்துக்கு வருகிறேன். இதே அமைப்பின் ஜோடிகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு வழிகாட்டிகளை இரண்டு வகையாகப் பிரித்தது. ஒரு வகையினர் பையன் போக்கில் போய், அவனுக்கு எது முக்கியம் என்று தெரிந்துகொண்ட பிறகு படிப்பைப் பேசியவர்கள். இன்னொரு வகையினர் முதல் நாளிலிருந்தே இலக்கு வைத்து, மதிப்பெண்ணைக் கேட்டு, திருத்தப் பார்த்தவர்கள். இரண்டாம் வகை உறவுகள் பெரும்பாலும் அறுந்துபோயின. உங்கள் டைம்டேபிளும் வீடியோக்களும் அக்கறையில் பிறந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போன் அடித்தாலே "இன்றைக்கு எதில் தேறவில்லை என்று சொல்லு" என்பதாக அவனுக்குக் கேட்கலாம். மூன்று அரியர் வைத்திருப்பவன் அந்தப் போனை எப்படி எடுப்பான்?

அடுத்த ஞாயிறு போன் வேண்டாம். ஹாஸ்டலுக்கு நேரில் போங்கள். வெளியே அழைத்துப்போய்ச் சாப்பிடுங்கள். அரியரைப் பற்றி அவனே எடுத்தால் பேசுங்கள். அவனுக்குத் தெரிந்த ஒன்றை அவனிடம் கேளுங்கள்; சூளை எப்படி நடக்கிறது, முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கூலியில் எப்படிக் கழிகிறது என்று. நீங்கள் கேட்டு அறிந்துகொள்ள வேண்டியதும் நிறைய இருக்கிறது.

பின்னணி பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. ஒரே இனத்தைச் சேர்ந்த ஜோடிகளையும் வேறு வேறு இன ஜோடிகளையும் ஒப்பிட்ட ஆய்வில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நம்மூரிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. பம்பாயில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், பூங்காவில் தினமும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த ஒரு பையனைக் கவனித்துப் பேச்சுக் கொடுத்தார். அந்தப் பையன் அம்பேத்கர். கேளுஸ்கர் அவருடைய சாதிக்காரர் அல்லர். 1907இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அப்புறம் மேற்படிப்புக்குப் பணமில்லாமல் நின்றபோது பரோடா மன்னர் சயாஜிராவிடம் அழைத்துப்போனார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. பையனுக்குத் தெரியாத ஒரு கதவு கேளுஸ்கருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதைத் தட்டுவதற்கு முன் பல காலம் அந்தப் பையனோடு பழகியிருந்தார்.

உங்களுக்கும் அப்படிச் சில கதவுகள் தெரியும். பேராசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேட்கலாம், அது தப்பில்லை என்பது உங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்டர்ன்ஷிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்த அரியரை முதலில் முடித்தால் அடுத்த பாடங்கள் எளிதாகும் என்பதும் அப்படியே. அரசு கட்டணத்தைக் கட்டுகிறது, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. இரண்டும் பெரிய காரியங்கள். ஆனால் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து சொல்ல ஓர் ஆள் அவனுக்கு வேண்டும்.

அதே சமயம் உங்களால் தர முடியாத ஒன்றும் உண்டு. வகுப்பில் யாராவது "கோட்டாவில் வந்தவன்" என்று சொன்னால் அந்த வலியை விளக்காமலே புரிந்துகொள்ளும் ஒருவர் அவனுக்குத் தேவை. அதே ஒதுக்கீட்டில் சேர்ந்து மூன்றாம் ஆண்டிலோ இறுதி ஆண்டிலோ இருக்கும் ஒரு சீனியரைத் தேடி அறிமுகம் செய்துவையுங்கள். உங்களுக்குப் பதிலாக அல்ல, உங்களோடு சேர்த்து. அப்படி ஒரு அவமானத்தை அவன் என்றாவது உங்களிடமே சொன்னால், "அதையெல்லாம் கண்டுக்காதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யார் சொன்னது, எங்கே, நீ என்ன செய்தாய் என்று முழுதாகக் கேளுங்கள். கல்லூரியில் புகார் கொடுக்க அவன் விரும்பினால் கூடப் போய் நில்லுங்கள்.

ஒருவேளை வேலை நிமித்தம் வெளியூரோ வெளிநாடோ போக நேர்ந்தால் ஒரு மாதம் முன்பாவது அவனிடம் நேரில் சொல்லுங்கள். அடுத்து வருகிறவரை நீங்களே அழைத்துப்போய் அறிமுகம் செய்யுங்கள். அமைப்பிலிருந்து ஒரு வாட்ஸப் செய்தியாக அவனுக்கு அது தெரியவரக் கூடாது.