கோழிக்கூண்டுக்காகச் சேமநிதியைத் தொடலாமா?

கேள்வி: நான் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) மூலை வீட்டில் குடியிருக்கிறேன். கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். மாமியார், இரண்டு பிள்ளைகள் உட்பட வீட்டில் ஐந்து பேர். மாதம் மூன்று அட்டை, அதாவது தொண்ணூறு முட்டை செலவாகிறது. ஓர் அட்டை 13 ரிங்கிட் 50 சென். கொல்லையில் இடம் இருப்பதால் கோழி வளர்த்து இந்தச் செலவைக் குறைக்க நினைக்கிறேன். இணையத்தில் "எட்டுக் கோழிகளுக்கு" என்று ஒரு மரக் கூண்டு 490 ரிங்கிட்டுக்கு, ஆறு மாதத் தவணையில் கிடைக்கிறது. அதில் கோழிகள் அடையும் அறை மூன்றரை அடி நீளம், இரண்டு அடி அகலம். பட்டணத்து வெல்டிங் பட்டறைக்காரர் ஐந்துக்கு நான்கு அடியில், இரும்புச் சட்டமும் தகரக் கூரையுமாகச் செய்து தர 780 ரிங்கிட் கேட்கிறார். ஊழியர் சேமநிதியின் (EPF) நெகிழ்வுக் கணக்கில் எனக்கு 900 ரிங்கிட் இருக்கிறது. வயது 38. எதை வாங்குவது, எந்தப் பணத்தில் வாங்குவது?

பதில்: அன்புச் சகோதரி, வாங்குவதானால் பட்டறைக்காரரின் கூண்டையே வாங்குங்கள்; ஆனால் அதற்கான பணம் சேமநிதியிலிருந்தும் வரக்கூடாது, தவணையிலிருந்தும் வரக்கூடாது. காரணங்களைச் சொல்வதற்கு முன், கோழி வளர்த்தால் முட்டைச் செலவு பெரிதாகக் குறையும் என்ற உங்கள் எதிர்பார்ப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

முட்டைக்கான அரசு உதவித்தொகை 2025 மே மாதத்தில் ஒரு முட்டைக்கு 10 சென்னிலிருந்து 5 சென்னாகக் குறைக்கப்பட்டு, ஆகஸ்டு 1 முதல் முற்றாக நிறுத்தப்பட்டது. அதன்பின் உங்களைப் போலவே பலர் கொல்லைப்புறத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பது இயல்புதான். முட்டைக்காகவே வளர்க்கப்படும் பழுப்பு நிறக் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் உண்ணும். நான்கு கோழிகளுக்கு மாதம் 13 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். கிலோ 2 ரிங்கிட் 60 சென் என்று வைத்துக்கொண்டால் செலவு 34 ரிங்கிட். நன்றாக முட்டையிடும் முதல் ஆண்டில் அந்த நான்கும் நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று முட்டை தந்தால், உங்கள் வீட்டுக்குத் தேவையான தொண்ணூறு முட்டையும் கிடைத்துவிடும். கடையில் அதன் விலை 40 ரிங்கிட் 50 சென். ஆக, உங்கள் கையில் மிஞ்சுவது மாதம் ஆறு ரிங்கிட், ஆண்டுக்கு எழுபத்து நான்கு ரிங்கிட் அளவுதான். சோற்று மிச்சம், கீரைத் தண்டு, பப்பாளித் தோல் ஆகியவற்றைக் கொடுத்துத் தீவனத்தில் ஆறில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினால் இன்னும் ஓர் அறுபத்தெட்டு ரிங்கிட் சேரும். அதற்கு மேல் தீவனத்தைக் குறைத்தால் முட்டையும் குறைந்துவிடும். இரண்டாம் ஆண்டிலிருந்து கோழிகள் இறகு உதிர்த்து, இடுவதைத் தாமே குறைத்துக்கொள்ளும். குஞ்சுகளாக வாங்கினால் முதல் முட்டைக்கு முன் பதினெட்டு வாரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அதுவரை ஒவ்வொன்றும் ஆறேழு கிலோ தீவனத்தைத் தின்று முடித்திருக்கும். நாட்டுக்கோழி முட்டைக்கு நல்ல விலை உண்டு என்றாலும், அது ஆண்டுக்கு நூறு முட்டை இடுவதே அரிது. இடையிடையே அடைகாக்கவும் உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரித்து விற்கும் எண்ணம் இல்லாத உங்களுக்கு அது பொருந்தாது.

இவ்வளவு சிறிய மிச்சத்திலிருந்துதான் கூண்டின் விலையை மீட்க வேண்டும் என்பதால், எந்தக் கூண்டு என்ற கேள்வி முக்கியமாகிறது. விளம்பரத்தில் எட்டுக் கோழி என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அடையும் அறையில் ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. மூன்றரையை இரண்டால் பெருக்கினால் ஏழு சதுர அடி. அதில் இரண்டு கோழிகள் இருப்பதே நெருக்கம். அதிகமாக அடைத்தால் ஒன்றையொன்று கொத்தும், ஈரமும் அம்மோனியா நெடியும் சேர்ந்து நோய் வரும். பட்டறைக்காரரின் கூண்டு இருபது சதுர அடி. நான்கு கோழிகள் தாராளமாக இருக்கலாம், ஐந்தாவதற்கும் இடம் உண்டு. ஆகவே மரக் கூண்டில் ஒரு கோழிக்கு 245 ரிங்கிட், இரும்புக் கூண்டில் 195 ரிங்கிட். மலிவானது எது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது, எத்தனை ஆண்டு நிற்கும் என்பது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு மரக் கூண்டை நானும் வாங்கினேன். முதல் ஐப்பசி மழையிலேயே ஒட்டுப்பலகைத் தரை உப்பிக்கொண்டு, எச்சத் தட்டை வெளியே இழுக்க முடியாமல் போனது. இரண்டாம் ஆண்டு, வலையைச் சட்டத்தோடு பிடித்திருந்த சிறு ஊசிகள் நனைந்த மரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது வலையின் கீழ் மூலை ஒரு கையளவு உட்புறமாக மடிந்திருந்தது. கம்பி முனையில் ஒரு செம்பழுப்பு இறகு சிக்கியிருந்தது. கால்வாய் ஓரம் வரை இறகுகள் சிதறிக் கிடந்தன. மரநாய் மூன்று கோழிகளையும் முடித்திருந்தது. என் தாயார் தோட்டத்து லயத்தின் பின்னால் கட்டைப் பலகையில் அடித்திருந்த கூண்டுக்கு அப்படி ஒருநாளும் நேர்ந்ததில்லை என்பதை நினைத்து அன்று மிகவும் வருந்தினேன். என் மரக் கூண்டைப் போலவே இணையத்து மரக் கூண்டும் இரண்டு ஆண்டுகள் நிற்கும் என்று கொண்டால், உங்கள் 490 ரிங்கிட் ஆண்டுக்கு 245 ரிங்கிட் ஆகிறது. இரும்புக் கூண்டுக்கு ஆண்டுதோறும் துருத்தடுப்புப் பூச்சு பூசி எட்டு ஆண்டுகள் காப்பாற்றினால் ஆண்டுக்கு 97 ரிங்கிட் 50 சென் மட்டுமே. முதல் ஆண்டின் மிச்சத்தோடு இதை ஒப்பிட்டால் நாற்பது ஐம்பது ரிங்கிட் உங்கள் பக்கம் நிற்கும். பின் வரும் ஆண்டுகளில் அதுவும் குறையலாம். அன்றன்று இட்ட முட்டை, மிளகாய்ச் செடிக்கு எரு, மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் மனம் ஒட்டும் ஒரு வேலை ஆகியவை உங்களுக்குப் பெரிதென்றால் தாராளமாக வளருங்கள். வருமானம் என்று எண்ணி மட்டும் இறங்க வேண்டாம்.

பணத்துக்கு வருகிறேன். நெகிழ்வுக் கணக்கு 2024 மே 11 அன்று நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 50 ரிங்கிட் என்ற அளவில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் கை நீளுவது எளிது. ஆனால் மற்றக் கணக்குகளுக்குக் கிடைக்கும் அதே இலாப ஈவு அதற்கும் கிடைக்கிறது. சேமநிதி 2023-க்கு 5.50 விழுக்காடும், இந்தக் கணக்கு தொடங்கிய 2024-க்கு 6.30 விழுக்காடும் அறிவித்தது. ஆண்டுக்கு 5.5 விழுக்காடு என்று மட்டும் வைத்தாலும், இன்று நீங்கள் எடுக்க நினைக்கும் 780 ரிங்கிட் உங்கள் 55-ஆம் வயதில் ஏறத்தாழ 1,938 ரிங்கிட்டாக இருக்கும். முதல் ஆண்டிலேயே ஐம்பது ரிங்கிட் மிஞ்சாத ஒரு கூண்டுக்காக அதை இழக்கக் கூடாது. தவணை வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுவே. ஒரு மாதம் தவறினால் விழும் தாமதக் கட்டணம், பல மாத முட்டை மிச்சத்தை விழுங்கிவிடும்.

எப்படியும் ஆறு மாதத் தவணை கட்ட நினைத்தீர்கள் அல்லவா? அதே ஆறு மாதம், மாதம் 130 ரிங்கிட் தனியே எடுத்து வையுங்கள், 780 சேர்ந்துவிடும். உங்கள் ஊர் மலேசியாவின் முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர். 1960-இல் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தைக் கொண்டுதான் தோட்டங்களையே வாங்கியது. 130 என்பது மாதச் செலவில் பாரமாகத் தெரிந்தால் எட்டு மாதமாக நீட்டுங்கள், கோழிகள் காத்திருக்கும்.

அந்த இடைக்காலத்தில் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில், குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்க்க அனுமதி உண்டா, எத்தனை வளர்க்கலாம் என்று நேரில் விசாரியுங்கள். வாடகை வீடானால் உரிமையாளரிடமும், எப்படியானாலும் பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். அபராதம் ஒன்று விழுந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் கலைந்துவிடும்.

பட்டறைக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போது, வலை அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலையாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர மரநாயை வெளியே நிறுத்தாது. செம்பனை சூழ்ந்த ஊரில் எலிக்கும் பாம்புக்கும் குறைவில்லை. தகரக் கூரைக்குக் கீழே சுற்றிலும் அரையடி இடைவெளி விட்டு அங்கும் அதே வலையை அடிக்கச் சொல்லுங்கள்; கோழிக்கு வியர்ப்பதில்லை, வெயில் முப்பது பாகையைத் தாண்டினால் வாய் திறந்து இரைக்கத் தொடங்கும், முட்டையும் குறையும். கதவுக்குத் தூக்கிவிடும் கொக்கி போதாது, தாழ்ப்பாளும் அதில் பூட்டு மாட்ட ஒரு வளையமும் வேண்டும். இவற்றுக்காக அவர் முப்பது நாற்பது ரிங்கிட் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.