அரை வேலைக்கு மாற எவ்வளவு கையிருப்பு வேண்டும்?

வரவு – செலவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 42. பாபநாசம் அருகே சொந்த வீட்டில் இருக்கிறோம். கும்பகோணம் பக்கத்தில் உள்ள ஒரு ரைஸ் மில்லில் 17 ஆண்டுகளாகக் கணக்கராக இருக்கிறேன். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்புகிறேன். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய். கைக்கு வருவது 48,000 ரூபாய். மனைவி தையலில் மாதம் 6,000 ரூபாய் சம்பாதிக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பும் மகன் ஆறாம் வகுப்பும் படிக்கிறார்கள். குடும்பச் செலவு மாதம் 27,000 ரூபாய். கடன் இல்லை. வங்கி டெபாசிட், பி.பி.எஃப்., பி.எஃப். எல்லாம் சேர்த்து 29 லட்சம் இருக்கிறது. குத்தகைக்கு விட்டிருக்கும் நான்கு மா நிலத்திலிருந்து ஆண்டுக்குப் பத்து மூட்டை நெல் வருகிறது. ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் வேலைக்கே போக வேண்டியதில்லை என்று சொல்கிறார்கள். முதலாளியோ பாதி நேரம் வந்தால் பாதிச் சம்பளம் தருகிறேன் என்கிறார். 81 லட்சம் சேரும்வரை காத்திருப்பதா, இப்போதே பாதி வேலைக்கு மாறிவிடலாமா? எங்கள் செலவு நோட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.
— பாபநாசம் வாசகர்

பதில்: முதலில் அந்த 25 மடங்குக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். வில்லியம் பெங்கன் என்னும் அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பிறந்த கணக்கு அது. ஓய்வு பெறும் முதல் ஆண்டில் சேமிப்பில் 4 விழுக்காடு எடுத்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் விலைவாசி ஏறும் அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால், பணம் குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தாங்குமா என்று அவர் அந்த நாட்டுப் பங்குகள், கடன் பத்திரங்களின் பழைய விவரங்களை வைத்துப் பார்த்தார். உங்களுக்கு 42 வயதுதான் ஆகிறது. பணம் 45 ஆண்டுகளுக்காவது தாங்க வேண்டும். விலைவாசி உயர்வும் நம் நாட்டில் அவர்களுடையதைவிடப் பொதுவாக அதிகம். ரிசர்வ் வங்கிக்கு வகுத்துக் கொடுத்துள்ள இலக்கே 4 விழுக்காடு, அது 6 வரை போகலாம். ஆகவே, முழுமையாக வேலையை விடுவதானால் 35 மடங்கு என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்தது, அந்த 27,000 ரூபாய் உங்கள் உண்மையான செலவு ஆகாது. நீங்கள் அனுப்பிய நோட்டை இரண்டு முறை புரட்டினேன். மாதப் பக்கங்களில் மளிகை, பால், மின்கட்டணம், பெட்ரோல் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆவணிப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலில் மூன்று கல்யாணம், ஒரு காதணி விழா என்று குறித்து, எதிரே தொகைகளை எழுதி, கூட்டலில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். அப்படி ஓரத்தில் நின்றுபோன தொகைகளை நான் ஓராண்டுக்குச் சேர்த்துப் பார்த்தேன். பள்ளிக் கட்டணம் 28,000, மொய்யும் சீரும் 20,000, வீட்டுப் பழுதும் குலதெய்வ வழிபாடும் 15,000, தீபாவளி பொங்கல் துணிமணி 14,000, வண்டிகளுக்கு 9,000. மொத்தம் 86,000 ரூபாய். நம் பகுதியில் ஒரு குடும்பத்தின் செலவைச் சமையலறையை மட்டும் பார்த்து அளந்துவிட முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை வந்து நிற்கும் செலவுகளில்தான் கணக்கு பிசகுகிறது. திருவையாற்றுப் பக்கத்தில் நான் வளர்ந்த வீட்டில் மளிகைக் கடைக்காரர் அறுவடைக்கு அறுவடைதான் பணம் வாங்கிக்கொள்வார் என்பதால், அம்மா மாதக் கணக்கு என்று ஒன்றைப் போட்டதே இல்லை. தை முதல் மார்கழி வரை ஒரே நீளத்தாளில் எழுதுவார். மாதச் சம்பளம் வாங்கப் பழகிய பிறகுதான் நாம் அந்தப் பழக்கத்தைத் தொலைத்தோம். உங்கள் நோட்டையும் ஆண்டுக் கணக்காக மாற்றி எழுதச் சொல்வேன்.

உங்கள் நோட்டில் மருத்துவக் காப்பீடு இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. நான்கு பேருக்கும் சேர்த்துச் சொந்தமாக ஒரு பாலிசி எடுக்காமல் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. பிரீமியத்துக்கு 24,000 ரூபாய் ஒதுக்கினால், உங்கள் ஆண்டுச் செலவு 3,24,000, 86,000, 24,000 ஆகிய மூன்றும் சேர்ந்து 4,34,000 ரூபாய் ஆகிறது. அதற்கு 35 மடங்கு என்றால் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடும். இந்தத் தொகையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். முழுமையாக வேலையை விட நினைப்பவருக்குத்தான் அத்தனை தேவை.

நீங்கள் கேட்பது பாதி வேலை. அதில் 24,000 ரூபாயும் தையல் வருமானம் 6,000 ரூபாயும் சேர்ந்து ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் வரும். துண்டு விழுவது 74,000 ரூபாய். 29 லட்சத்தில் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு 8 லட்சத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதி 21 லட்சத்துக்குச் சராசரியாக 6.5 விழுக்காடு வட்டி என்றே எடுத்துக்கொண்டால், கிடைப்பது 1,36,500 ரூபாய். துண்டு விழும் தொகையை அதிலிருந்து எடுத்தால் 62,500 ரூபாய்தான் முதலோடு சேரும். அது முதலில் 3 விழுக்காடு. விலைவாசி அதைவிட வேகமாக ஏறும் என்பதால், பார்வைக்கு முதல் வளர்ந்தாலும் அதன் மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே வரும்.

இதற்கு நான் ஒரு மாற்று சொல்கிறேன். உங்கள் ரைஸ் மில்லுக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவு வேலை இருக்காது. சம்பா, தாளடி அறுவடை வரும் தை, மாசியிலும், குறுவை நெல் வரும் புரட்டாசி, ஐப்பசியிலும்தான் லாரிகள் வரிசையில் நிற்கும். முதலாளிக்கு நீங்கள் முழு நேரமும் தேவைப்படுவது அப்போதுதான். அந்த நான்கு மாதமும் முழு வேலை, முழுச் சம்பளம். மற்ற எட்டு மாதம் பாதி வேலை, பாதிச் சம்பளம் என்று பேசிப் பாருங்கள். 1,92,000 ரூபாயும் இன்னொரு 1,92,000 ரூபாயும் தையல் வருமானம் 72,000 ரூபாயும் சேர்ந்து 4,56,000 ரூபாய் வருகிறது. செலவு போக 22,000 ரூபாய் மிச்சம். வட்டியைத் தொடவே வேண்டாம். வாரத்தைப் பாதியாக வெட்டுவதைவிட ஆண்டைப் பருவமாகப் பிரிப்பது ஆற்றுப் பாசனத்தை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இயல்பாகப் பொருந்துகிறது, முதலாளிக்கும் நட்டமில்லை. தண்ணீர் தவறும் ஆண்டையும் நினைவில் வையுங்கள். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணையை 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அதுபோன்ற ஆண்டில் குறுவை குறைந்து, ஐப்பசியில் உங்களை முழு நேரம் கூப்பிடாமலும் போகலாம். ஆகவே ஆறு மாதச் செலவுக்கான பணத்தை, நினைத்தவுடன் எடுக்கும்படி வங்கியில் வைத்திருங்கள்.

முதலாளியிடம் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒன்றை முடித்தாக வேண்டும். பலர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணிக்கொடை கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்தே கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது: அந்தச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 30,000 ரூபாய் அடிப்படையில் 17 ஆண்டுக்கு ஏறத்தாழ 2,94,000 ரூபாய் வரும். 15,000 ரூபாய்க்கு இறங்கிய பிறகு விலகினால், அதே 17 ஆண்டு உழைப்புக்கு 1,47,000 ரூபாய்தான். எனவே, முறைப்படி விலகி, இதுவரைக்கான பணிக்கொடையைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு புதிய ஏற்பாட்டில் சேர்வதே நல்லது. பி.எஃப். கணக்கை மூடாமல் அதே எண்ணில் தொடருங்கள். அதிலுள்ள ஓய்வூதியத்துக்குக் கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பார்ப்பார்கள். வரம்பு 15,000 ரூபாய். பாதியானாலும் உங்கள் அடிப்படைச் சம்பளம் சரியாக அந்த வரம்பில் நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு ரூபாயும் இறக்க இசையாதீர்கள்.

சிக்கனத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், ஏனெனில் இங்கே அதன் பலன் இரட்டிப்பு. மாதம் 1,000 ரூபாய் நிலையாகக் குறைந்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். 35 மடங்குக் கணக்கில் 4,20,000 ரூபாயைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. பிள்ளைகளின் பாலிலோ மனைவியின் மருந்திலோ கை வைக்காதீர்கள். வேலைக்குப் போவதற்காகவே ஆகும் செலவைப் பாருங்கள்: உங்கள் நோட்டில் பெட்ரோலும் கடைவீதிச் சிற்றுண்டியும் சேர்ந்து மாதம் 4,000 ரூபாயைத் தாண்டுகின்றன, பாதி நாள் போகாத மாதங்களில் அது தானாகவே இறங்கும். குத்தகை நெல்லை விற்கவும் வேண்டாம். மூட்டைக்கு 60 கிலோ வீதம் பத்து மூட்டையை அரைத்தால் 390 கிலோ அரிசிக்குக் குறையாது. மாதம் 32 கிலோ, உங்கள் வீட்டுக்குப் போதும். அரசின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்றால் அந்த நெல்லுக்கு 15,000 ரூபாய் கிடைக்கும். அந்தப் பணத்தைக் கொண்டுபோய் அதே அளவு நல்ல அரிசியைக் கடையில் வாங்கிப் பாருங்கள், பற்றாது.

*

கேள்வி: அய்யா, நாங்கள் பேராவூரணி பக்கம். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் தினமும் 12 மணி நேரம் உழைக்கிறார். 22 லட்சம் சேர்த்திருக்கிறோம். ஊரோடு வந்து, தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு, குறைந்த வேலையோடு இருக்க ஆசைப்படுகிறார். மூன்று ஆண்டுக்கு முன் மொய் விருந்து வைத்து 7 லட்சம் வந்தது; வீடு கட்டினோம். அது வட்டியில்லாப் பணம்தானே, கணக்கில் சேர்க்க வேண்டுமா?
— பேராவூரணி வாசகி

பதில்: கட்டாயம் சேர்க்க வேண்டும் அம்மா. வட்டி இல்லை என்பதால் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் கையில் இருப்பதை 22 லட்சம் என்று எண்ணாமல் 15 லட்சம் என்றே எண்ணுங்கள். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வதே உங்கள் பக்கத்து வழக்கம் என்பதால், 15-க்கும் சற்றுக் குறைவு என்று வைத்தாலும் தவறில்லை. வங்கிக் கடனுக்குத் தவணை நாள் முன்கூட்டியே தெரியும். மொய்க்கோ, எதிர் வீட்டார் எந்த ஆடியில் பத்திரிகை வைக்கிறாரோ அந்த ஆடிதான் தவணை. ஒரே மாதத்தில் பத்துப் பத்திரிகை வந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும், முறை தவறினால் ஊரில் பெயர் கெடும். மொய் நோட்டை எடுத்து, அடுத்த இரண்டு ஆண்டுக்குள் விருந்து வைக்கக்கூடியவர்களின் பெயரை மட்டும் குறித்து, அந்தத் தொகைக்கு ஒரு தனிக் கணக்குத் தொடங்குங்கள். வீட்டுக்காரர் திரும்பி வரும்போது அந்தக் கணக்கு நிறைந்திருக்க வேண்டும். இனி இன்னொரு மொய் விருந்து வைத்துப் பழைய மொய்யை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தோப்பு வருமானத்தையும் தாராளமாகப் போடாதீர்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் ஓர் இரவில் உங்கள் பகுதித் தென்னைகளை எப்படிச் சாய்த்தது என்பதை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். நெட்டை ரகக் கன்று வைத்தால் பலன் வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை உரமும் தண்ணீரும் செலவுதான். அவர் இப்போது அனுப்பும் பணத்தில் பாதியை மட்டும் வைத்து ஓராண்டு குடும்பத்தை நடத்திப் பாருங்கள், மீதியைத் தொடாதீர்கள். அது சிரமமில்லாமல் நடந்தால் அவர் வரலாம்.

*

கேள்வி: எனக்கு 61 வயது. மயிலாடுதுறையில் ஒரு துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை. கால் வீக்கம் தாங்க முடியவில்லை. மனை விற்ற பணம் 10 லட்சம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி தருகிறேன் என்கிறார். கொடுத்துவிட்டு வேலையை விடலாமா?
— மயிலாடுதுறை வாசகர்

பதில்: கொடுக்க வேண்டாம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு; நாணயமாகத் தொழில் செய்பவருக்கு அதைவிடக் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்கும்போது, அவர் உங்களிடம் ஏன் வருகிறார் என்று யோசியுங்கள். அஞ்சலகத்தில் 60 வயது கடந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் வட்டியை 8.2 விழுக்காடாக உயர்த்தினார்கள். கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கும் மாறாது. 8.2 என்றே வைத்தால், 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 6,800 ரூபாய்க்குச் சற்று மேல். இது வேலையை முழுமையாக விடப் போதாது. ஆனால் மாலை நேர வேலையை மட்டும் விடத் தாராளமாகப் போதும்.

இன்னொன்று, கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். நாற்காலி கேட்பது உங்கள் உரிமை. முதலில் அஞ்சலகத்தில் கணக்கைத் தொடங்குங்கள். முதல் வட்டி கையில் வந்து, தீபாவளி விற்பனையும் முடிந்த பிறகு, காலை முதல் மதியம் இரண்டு மணி வரை மட்டும் வருகிறேன் என்று முதலாளியிடம் பேசுங்கள்.