பந்து உன்கிட்ட இல்லாதப்ப நீ எங்க இருந்தே?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்கு 20 வயசு, சுங்கை சிப்புட் பக்கம் வீடு. ஈப்போவுல ஒரு சின்ன கிளப்புக்கு மிட்ஃபீல்டரா ஆடுறேன். ரெண்டு சீசனா பெஞ்ச்லதான். 75வது நிமிசத்துக்கு மேல எறக்கி விடுவாங்க, சில நாள் அதுவும் இல்ல. நம்மாளுங்களுக்கு எப்பவும் இப்படித்தான்னு வீட்ல சொல்றாங்க. என் எடத்துல ஆடுற பையன் என்கூட தமிழ்ப்பள்ளியில படிச்சவன், அவனுக்கு என் அளவுக்கு ஸ்கில் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். மைனு மாதிரி ஆளையே மான்செஸ்டர் யுனைடெட்ல உக்கார வச்சாங்க, நான்லாம் எம்மாத்திரம்னு தோணுது. மாமா ஒருத்தர் சிங்கப்பூருக்கு வேலைக்கு வான்னு கூப்புடுறாரு. வேற கிளப் மாறவா, இல்ல பந்த விட்டுட்டு அங்க போயிடவா? என் வீடியோ லிங்க் கீழ இருக்கு, பாத்துட்டு சொல்லுங்க.

ஒரு வாசகன், சுங்கை சிப்புட்

தம்பி,

இந்த மாதிரி கடிதத்துக்கெல்லாம் நான் பதில் போடறதில்ல, நான் கோச்சும் கிடையாது ஏஜென்ட்டும் கிடையாது. ஆனா உன் வீடியோவ பாத்ததுலேர்ந்து மனசு சும்மா இருக்க மாட்டேங்குது. ரொம்ப நாளா சொல்லணும்னு வச்சிருந்த ஒண்ண நீயா வந்து கிளறி விட்டுட்ட, அதனால வாங்கிக்கோ.

மொதல்ல சில்லறைய தீத்துடறேன். நம்மாளுங்களுக்கு எப்பவும் இப்படித்தான்னு எழுதிட்டு, அடுத்த வரியிலயே உன் எடத்துல ஆடுறவன் உன்கூட தமிழ்ப்பள்ளியில படிச்சவன்னு எழுதியிருக்கியே, அனுப்புறதுக்கு முன்னாடி ஒருதரம் படிச்சுப் பாக்க மாட்டியாடா? நம்ம பசங்களுக்கு வழி குறுகல்ங்கறது பொய்யில்ல, அதப் பத்தி நானே தொண்ட கிழிய எழுதியாச்சு. மீஃபான்னு நமக்குன்னு ஒரு காற்பந்து சங்கம், அதோட டீம் படிப்படியா ஏறி 2019ல பெட்டாலிங் ஜெயா சிட்டிங்கற பேருல சூப்பர் லீக்குக்கே வந்துச்சு, 2022 சீசனோட அதுவும் விலகிடுச்சு. பேராக்க எடுத்துக்கோ, 2018ல மலேசியக் கிண்ணத்த தூக்கின டீம், 2025ல லீக்க விட்டே வெளிய வந்துடுச்சு, அதுல தமிழன் மலாய்க்காரன் சீனன் எல்லார் பொழப்பும்தான் போச்சு. இதெல்லாம் உக்காந்து அழ வேண்டிய விசயம்தான். உன் கேஸ் அது இல்ல. உன் கேஸ்ல ரெண்டு பேரு, ரெண்டும் நம்ம புள்ளைங்க, எடம் ஒண்ணு, அவ்வளவுதான்.

மைனுவ இழுக்காத. அந்தப் பையன் 2024 எஃப்ஏ கப் ஃபைனல்ல மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரா கோல் போட்டவன், அதே வருசம் யூரோ ஃபைனல்ல இங்கிலாந்துக்கு மொத பதினொண்ணுல எறங்கினவன், அப்ப அவனுக்கு 19 வயசு. அதுக்கப்புறம் அமோரிம் கோச்சா வந்து ஆடின சிஸ்டத்துல நடுவுல ரெண்டே எடம், அதுல ஒண்ண புரூனோ ஃபெர்னாண்டஸுக்கு குடுத்துட்டாரு, மீதி ஒரு எடத்துக்கு கசெமிரோ மாதிரி ஆளுங்களோட அடிபிடி. 2025 ஆகஸ்ட்ல லோன்ல போறேன்னு மைனு கேட்டான், கிளப் விடல. அது கணக்கு. கோச் தப்பா போட்ட கணக்குன்னு கூட வச்சுக்கோ. ஆனா அவன் ஆடினத ஊரே பாத்திருக்கு, எறக்காம விட்டா ஏன் எறக்கலன்னு கேக்க ஆள் இருக்கு. உனக்காக கேக்க ஒரு ஆள் வேணும்னா மொதல்ல நீ ஆடுறது என்னன்னு தெரியணும் இல்லையா, அதுக்குத்தான் வீடியோ அனுப்பியிருக்க.

சரி, வீடியோவுக்கு வர்றேன்.

நாலு நிமிசம். காது கிழியற டெக்னோ பாட்டு. பந்து உன் கால்ல வர்றப்பல்லாம் உன்ன சுத்தி ஒரு செவப்பு வட்டம், அதுக்கு மேல ஒரு அம்புக்குறி. ஒரு எடத்துல, ரெண்டு நிமிசம் நாப்பது செகண்ட்ல, லெஃப்ட் பேக் உனக்கு பந்து தள்றான், நீ வாங்கி அப்படியே சுழண்டு ரெண்டு பேர வெட்டிட்டு வெளிய வர்ற, பாத்தவனுக்கு கைதட்டத் தோணும், நானும் கைதட்டினேன், பொய் சொல்லல. அப்புறம் பாட்ட மியூட் பண்ணிட்டு அதையே கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தி நிறுத்தி பாத்தேன். பந்து அவன் கால்லேர்ந்து கெளம்பி உன்கிட்ட வந்து சேர்ற வரைக்கும் உன் கண்ணு பந்து மேலயே இருக்கு. ஒரு தரம் கூட தல திரும்பல. வலது பக்கம் கோட்டு ஓரமா உன் டீம் பையன் ஒருத்தன் கைய தூக்கிட்டு நிக்கறான், அவன சுத்தி இருவது அடிக்கு ஒரு ஈ காக்கா இல்ல. நீ அவனுக்கு முதுக காட்டிட்டு ரெண்டு பேரு நிக்கற பக்கமா திரும்புற. திரும்பி வெட்டிட்ட, சரி. வெட்டினதும் வீடியோ கட்டாயிடுது! அதுக்கப்புறம் பந்து எங்கடா போச்சு? யாருக்கு குடுத்த? அந்தக் கைய தூக்கினவன் என்ன ஆனான்?

உன் கோச் அந்த மேட்ச முழுசா பாத்தவரு. அவருக்கு வட்டமும் தெரியாது அம்புக்குறியும் தெரியாது, கைய தூக்கினவன்தான் தெரிஞ்சிருப்பான்.

ஒரு மேட்ச் 90 நிமிசம். இருவத்திரெண்டு பேருக்கு பந்து ஒண்ணு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனா இருந்தாலும் பந்து அவன் கால்ல இருக்கறது கூட்டிப் பாத்தா ஒருசில நிமிசம்தான். நீ அந்த ஒருசில நிமிசத்த வெட்டி ஒட்டி பாட்டு போட்டு எனக்கு அனுப்பியிருக்க. மிச்ச நேரத்துலதான்டா மிட்ஃபீல்டருக்கு வேலையே. ஸ்ட்ரைக்கர்னா ஒரு கோல போட்டுட்டு மிச்ச நேரம் இடுப்புல கை வச்சு நின்னா கூட ஊரு மன்னிச்சிடும். நடுவுல நிக்கறவனுக்கு அந்த சலுகை கெடையாது. நம்ம லெஃப்ட் பேக் மேல ஏறிட்டானா, அவன் விட்டுட்டுப் போன எடத்துல யாரு? அவங்க பத்தாம் நம்பர் நம்ம டிஃபென்சுக்கும் நமக்கும் நடுவுல நைசா வந்து நிக்கறானே, அவனுக்கு போற பந்து வழிய மறிச்சு நிக்கறது யாரு? இது எதுவும் உன் வீடியோவுல இல்ல, இருக்கவும் முடியாது, ஏன்னா அங்க உன் மேல வட்டம் போட்டா பாக்கறவன் எதுக்கு இந்த வட்டம்னு கேப்பான்.

கெய்ர் யோர்டெட்னு நார்வே ஆராய்ச்சிக்காரர் ஒருத்தர், கேமரா பந்த விட்டுட்டு ஆள் மேலயே இருக்கற வீடியோவ வச்சு பிரீமியர் லீக் ஆட்டக்காரங்கள ஆராய்ஞ்சாரு. பந்து வர்றதுக்கு முன்னாடி எத்தன தரம் தலைய திருப்பி சுத்துமுத்தும் பாக்கறான்னு எண்ணினாரு. நெறைய பாக்கறவனுக்கு பாஸ் சரியா போய் சேருது, லாம்பார்ட், சாவி மாதிரி ஆளுங்க இதுல கில்லாடிங்க. இத படிச்சப்ப எனக்கு ஆச்சரியமே வரல. எங்க ரப்பர் தோட்டத்துல இப்படி ஒருத்தர் இருந்தாரு.

எழுபதுகள் கடைசி. டிவில மெர்டேகா கிண்ணம்னா கிராணி, அதான் தோட்டத்து கிளார்க், அவரு வீட்டு ஜன்னல்ல லயத்துப் பசங்க பூரா தொங்குவோம். மலேசியா டீம்ல ஆறுமுகம் கோல்ல நிக்கறாரு, முன்னாடி சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும், அங்க மொக்தார் டஹாரி. மறுநாள் பாடாங்குல, அதான் தோட்டத்து திடல்ல, எல்லாப் பயலும் மொக்தார் டஹாரி, கை நீளமா இருக்கற ஒருத்தன் ஆறுமுகம். நடுவுல நிக்க ஒருத்தன் வர மாட்டான். அங்க நின்னவருதான் கோழி அண்ணன். நெஜப் பேர எழுத மாட்டேன், புள்ளைங்க இருக்காங்க. பந்து எங்கயோ கோடில இருக்கும், இவரு கழுத்து மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு கோழி மேயறாப்ல வெட்டிக்கிட்டே இருக்கும், அதனால அந்தப் பேரு. பொம்பளைங்க கூட சிரிப்பாங்க. அவரு ஓடி யாரும் பாத்ததில்ல, விழுந்து யாரும் பாத்ததில்ல, சட்ட அழுக்காகாது. கிராணி சனிக்கெழம சாயங்காலம் ஆபீஸ் செவுத்துல பதினோரு பேர் எழுதி ஒட்டுவாரு, அதுல கோழி அண்ணன் பேரு இருந்தா இருக்கும், இல்லாட்டி இல்ல. கிராணியோட சொந்தக்காரன் ஒருத்தன், நல்லா பூட்ஸ் வச்சிருந்தவன், அவனுக்குத்தான் மொத மரியாத.

பேரு இல்லாத ஞாயித்துக்கெழமையில அவரு எங்கள மாதிரி சின்னப் பசங்களோட கோட்டு ஓரத்துல குந்திப்பாரு. மேட்ச் ஓடிட்டிருக்கும், திடீர்னு பின்னாலேர்ந்து கைய போட்டு என் கண்ண பொத்துவாரு. காலைல பால்மரம் வெட்டுக்கு போயிட்டு வந்த கை, எவ்வளவு சோப்பு போட்டாலும் அந்த ஒட்டுப்பால் நாத்தம் போகாது. "சொல்றா, அவங்க ஆளு எத்தன பேரு இந்தப் பக்கம் நிக்கறான்? நம்ம ரைட் அவுட் எங்க?" தெரியலம்பேன். "பந்த பாத்தியா?" ஆமாம்பேன். "பந்து எங்கயும் ஓடிடாதுடா, அத ஊரே பாத்துக்கும், நீ மத்தத பாரு." அப்படியே தலைல ஒரு கொட்டு. கொஞ்ச நாள்ல நானும் கண்ண பொத்தினா கடகடன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டேன். காலுக்கு மட்டும் ஒண்ணும் வரல, அதனாலதான் பேனாவ புடிச்சேன்.

அவரு கடைசி வரைக்கும் நெரந்தர எடம் வாங்கல. கிராணி மாத்தலாகி போறதுக்குள்ள அண்ணனுக்கு முட்டி போயிடுச்சு, அப்புறம் பால்மரத்த அழிச்சு செம்பன போட்டாங்க, லயத்த காலி பண்ணி ஆளுக்கொரு பக்கம் போயாச்சு. அந்தப் பாடாங்குல இப்ப பங்களாதேஷ் தொழிலாளிங்க சாயங்காலத்துல கிரிக்கெட் ஆடுறாங்க, நல்லா ஆடுறாங்க. இதுல உனக்கு நீதி எதுவும் இல்ல, தேடாத. அநியாயமா பெஞ்ச்ல உக்கார்றவன் எப்படி இருப்பான்னு நான் பாத்திருக்கேன், அத சொல்றேன். உன் கடிதத்த படிச்சா நீ அந்த ரகமான்னு எனக்கு சந்தேகமா இருக்கு.

ஏன்னு கேளு. உன் எடத்துல ஆடுறவனுக்கு ஸ்கில் இல்லன்னு எழுதின, அவன் என்ன செய்யறான்னு ஒரு வரி எழுதினியா? ரெண்டு சீசன் பெஞ்ச்ல உக்காந்து அவனையே பாத்துட்டு இருந்திருக்க, அவன் எங்க நிக்கறான், எப்ப பின்னால வர்றான், பந்த வாங்கறப்ப உடம்பு எந்தப் பக்கம் தொறந்திருக்கு, எதுவும் சொல்லத் தெரியல உனக்கு. அப்ப பெஞ்ச்ல உக்காந்து என்னடா பண்ண, ஃபோன நோண்டினியா?

கசெமிரோன்னு மேல சொன்னேனே, அந்த ஆளு ரியல் மாட்ரிட்ல எடம் இல்லாம 2014ல லோன்ல போர்ட்டோவுக்கு போனவரு. திரும்பி வந்தாரு. 2015 நவம்பர்ல பார்சிலோனா மேட்ச், அப்ப கோச்சா இருந்த பெனிடெஸ் இவர உக்கார வச்சுட்டு குரூஸ், மோட்ரிச், ஹாமெஸ், முன்னால பேல், பென்சமா, ரொனால்டோன்னு பேரு பெருசா இருக்கறவங்கள பூரா எறக்கினாரு. சொந்த ஊர்ல 0-4. நடுவுல பார்சிலோனாக்காரன் சொந்த வீட்டு வாசல்ல நடக்கற மாதிரி நடந்தான். ஜனவரில ஜிடான் கோச்சா வந்தாரு, கொஞ்ச நாள்ல கசெமிரோவ நட்டமா நடுவுல நிறுத்தினாரு, 2016, 17, 18 மூணு வருசமும் சாம்பியன்ஸ் லீக். யூடியூப்ல அந்த 0-4 முழு மேட்ச் கெடைச்சா பாரு, ஹைலைட்ஸ் பாத்தா கண்ண புடுங்கிடுவேன். கோல்கள விட்டுடு, ஒவ்வொரு தரமும் மாட்ரிட்டு டிஃபென்சுக்கு முன்னால எவ்வளவு வெட்ட வெளி கெடக்குதுன்னு பாரு.

இவ்வளவு திட்டறேனே, உன் கால் நல்ல கால்டா. அந்த ரெண்டாவது நிமிசத்து சுழற்சி சொல்லிக் குடுத்து வர்றது இல்ல. அத வச்சுக்கிட்டு தலைய மட்டும் திருப்ப கத்துக்கிட்டா உன்ன உக்கார வைக்க எந்த கோச்சுக்கும் மனசு வராது, அந்த வயித்தெரிச்சல்லதான் இவ்வளவு நீளமா எழுதறேன். 75வது நிமிசத்துல எறக்குறாங்கன்னு கேவலமா நெனைக்காத. 2020ல கொரோனாவுக்காக அஞ்சு மாத்து ஆட்டக்காரங்கன்னு விட்டாங்க, 2022ல அதையே நெரந்தர விதியாக்கிட்டாங்க. நம்ம வெயில்ல, இந்தப் புழுக்கத்துல, எழுவதாவது நிமிசத்துக்கு மேல எல்லாரும் நாக்கு தள்ளிட்டு நிக்கறப்பதான் நடுவுல எடமே தொறக்குது. புதுக் காலோட எறங்கறவன் அத பெஞ்ச்லேர்ந்தே பாத்து வச்சிருக்கணும். நீ எறங்கினதும் எல்லாருக்கும் காட்டணும்னு ரெண்டு பேர வெட்டப் போற, பந்து போயிடுது, அப்படித்தானே? வீடியோவுல அது இல்ல, ஆனா எனக்குத் தெரியும்.

சிங்கப்பூர் விசயம் மறந்தே போச்சு பாரு. மாமாகிட்ட என்ன வேல, கைக்கு எவ்வளவு வரும், ஏஜென்ட்டுக்கு யாரு காசு கட்றது, தங்கற எடம் யாரு பாத்துக்கறதுன்னு எழுத்துல கேட்டு வாங்கு. சீசன் முடியற வரைக்கும் நேரம் இருக்கான்னும் கேளு. வீட்ல கஷ்டம்னா போ, அதுல எந்த வெக்கமும் இல்ல, பந்து அங்கயும் ஆடலாம். கஷ்டம் இல்ல, கோவம்தான்னா போகாத. கிளப் மாறறதப் பத்தி இப்ப பேசாத, அங்கயும் இதே கழுத்தத்தான் தூக்கிட்டுப் போவ.

அடுத்த மேட்சுக்கு அப்பாவ கூட்டிட்டுப் போ. அவருக்கு வேல இருந்தா தம்பியோ தங்கச்சியோ யாராவது ஒருத்தர். ஃபோன கைல குடுத்து, நீ எறங்கினதுலேர்ந்து விசில் ஊதற வரைக்கும் உன்ன மட்டும் எடுக்கச் சொல்லு. பந்து எங்க போனாலும் கேமரா பின்னால போகக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடு, ஏன்னா கோல் விழுந்தா அப்பாவுக்கு கை தானா அந்தப் பக்கம் போயிடும். வெட்டாம ஒட்டாம, பாட்டு போடாம அப்படியே அனுப்பு. முடிஞ்சா அந்தப் பையனையும் ஒரு பாதி எடுத்து அனுப்பு, அவன்கிட்ட கேட்டுட்டு எடு.