முருங்கைத் தூள் போட்டால் கோழிக்கு ரத்தம் ஊறுமா?

கேள்வி: பல்லடம் பக்கம் 500 பிராய்லர் வளர்க்கிறேன். கம்பெனி கான்ட்ராக்ட் கிடையாது, தீவனம் நானே அரைத்துக் கலக்குகிறேன். இந்த பேட்சில் சில கோழிகளுக்குக் கொண்டை வெளுத்திருக்கிறது. தீவனக் கடைக்காரர் முருங்கை இலைத்தூள் கிலோ 350 ரூபாய், டன்னுக்கு 5 கிலோ கலந்தால் ரத்தம் ஊறும் என்று ஏதோ லேப் ரிப்போர்ட்டைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: ரத்தத்துக்காக என்றால் வேண்டாம். நல்ல தூள் என்றே வைத்துக்கொள்வோம், ஒரு கிலோவில் 300 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கும். 5 கிலோவை ஒரு டன்னில் கலந்தால் கிலோ தீவனத்துக்கு வெறும் 1.5 மில்லிகிராம். கோழிக்கு வேண்டியதோ 80, அதை மக்காச்சோளமும் சோயாவும் நீங்கள் போடும் மினரல் மிக்சரும் ஏற்கனவே கொடுத்துவிடும். இதற்குப் போய் டன்னுக்கு 1,750 ரூபாயா?

அந்த ரிப்போர்ட்டில் எத்தனை சதவீதம் கலந்தார்கள் என்று கேளுங்கள். 5 சதவீதம், 10 சதவீதம் போட்டுப் பார்த்த சோதனையைக் காட்டி அரை சதவீதத்தை விற்பது நடக்கிற கதைதான். முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை, சிலதில் ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது, சிலதில் அசையவே இல்லை. ஆரோக்கியமான கோழிக்கே அது 100 மில்லி ரத்தத்தில் 7 முதல் 13 கிராம் வரை இருக்கும், அதனால் 9 என்பது 10 ஆனதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சரி, கொண்டை ஏன் வெளுத்தது? முதலில் எச்சத்தைப் பாருங்கள். ரத்தம் கலந்தோ செம்பழுப்பாகவோ போனால் ரத்தக் கழிச்சல், அதுவும் தண்ணீர்த் தொட்டியடியில் கூளம் நசநசவென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். எச்சம் சரியாக இருந்தால் அடுத்து மக்காச்சோளம். பூஞ்சை பிடித்த சோளத்தில் வரும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுத்து ரத்தத்தையும் குறைக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது, மூட்டைக்குக் கொஞ்சமாக எடுத்து ஒன்றாகக் கலந்து அங்கே கொடுங்கள். தூளுக்கு வைத்த பணத்தை இதற்குச் செலவழிக்கலாம்.

வீட்டில் மரம் இருந்தால் இலையை நிழலில் உலர்த்தி 1 சதவீதம் போடுவதில் தப்பில்லை, கால் கொஞ்சம் மஞ்சளாகும். அளவு கூடினால் நார் ஏறித் தீனி எடுப்பது குறையும், எடை அடிபடும். கடைத் தூள்தான் வேண்டும் என்றால் ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் கரைத்து விடுங்கள், அடியில் மண் தங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், வெறும் 'இலைத்தூள்' என்று மட்டும் போட்ட பாக்கெட் வேண்டவே வேண்டாம். அதில் சவுண்டல் (சூபாபுல்) இலை கலந்திருந்தால் மைமோசின் என்ற நச்சும் சேர்ந்தே வரும்.